காணாமை சாட்சியாகுமா?

பட்டப்பகலில் ஹெட்லைட் எரிய ஒரு பைக் வந்தால் போதும், எதிரே வருகிறவர் ஒரு கையை உயர்த்தி விரல்களைக் குவித்து விரித்து, குவித்து விரித்துக் காட்டுவார். டீக்கடை வாசலில் நிற்பவர் "லைட்டு எரியுது, லைட்டு எரியுது" என்று குரல் கொடுப்பார். 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தயாராகும் இரு சக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினால் முன்விளக்கும் எரிந்தாக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அணைப்பதற்குச் சுவிட்சே கிடையாது. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழுவின் பரிந்துரை அது. ஆனாலும் அந்தக் கையசைவு இன்னும் முழுதாக நின்றபாடில்லை. முன்பின் அறியாத ஒருவரின் பேட்டரி வீணாகக் கூடாதே என்கிற அக்கறையில் பிறந்த அசைவு அது. நம் சாலைகளில் மிச்சமிருக்கும் நல்ல குணங்களில் அதையும் சேர்க்கலாம். கை உயர்த்துகிறவர் தன்னை அறியாமல் இன்னொன்றையும் நிரூபித்துவிடுகிறார். விளக்கு எரிகிறது என்று சொன்னவர், வண்டியைப் பார்த்துவிட்டார். அந்த விளக்கு எதற்காக எரிகிறதோ அந்த வேலை அங்கேயே முடிந்துவிட்டது. பகல் விளக்கு, கூடுதல் விளக்கு, ஒளிரும் பட்டை என்று இன்று பேசப்படுவதெல்லாம் போக்குவரத்துத் துறையின் கவலை என்றுதான் நினைக்கிறோம். அதன் அடியில் கிடப்பதோ மிகப் பழைய கேள்வி. பார்க்க வேண்டியது ஒருவரின் கடமை என்றால், பார்க்கப்பட வேண்டியவருக்கும் அதில் பங்கு உண்டா? நம் தத்துவ மரபுகள் இந்தக் கேள்விக்கு நேரடியாக உதவுகின்றன என்பதுதான் நான் சொல்ல வருவது.

திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகும் சாலையை எடுத்துக்கொள்வோம். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று தாமிரபரணியை ஒட்டியே மேற்கே போகிற சாலை அது. கிழக்கு மேற்காகக் கிடப்பதால் காலையில் நெல்லைக்குப் போகிறவர் முகத்தில் வெயில் அடிக்கும். மாலையில் அம்பைக்குத் திரும்புகிறவரின் கண்ணில் பொதிகைக்கு மேல் இறங்குகிற சூரியன் நேராக விழும். மரங்கள் நிற்கிற இடங்களில் நிழலும் வெயிலும் திட்டுத் திட்டாகக் கிடக்கும். கருப்பு வண்டியில் சாம்பல் நிறச் சட்டையோடு வருகிற ஒருவர் அந்த நிழல் திட்டுக்குள் நுழைந்தால் இரண்டு நொடிக்கு மரத்தோடு மரமாகிவிடுவார். ஊருக்குள்ளிருந்தோ வயல்காட்டுப் பாதையிலிருந்தோ ஒரு டிராக்டரோ லோடு ஆட்டோவோ மெயின் ரோட்டில் ஏறுவதும் அந்த இரண்டு நொடியில்தான் என்றால்? ஓட்டுகிறவர் இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார், ரோடு காலி என்று ஏறுகிறார். பிறகு அவர் சொல்கிற வாக்கியம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "பார்த்துட்டுதான் ஏறினேன், யாருமே இல்லை." பெரும்பாலும் அவர் பொய் சொல்வதில்லை. இந்தக் கட்டுரையின் கேள்வி அந்த வாக்கியத்தைப் பற்றியதுதான்.

அந்த வாக்கியம் உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தினர் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981ல் அறிக்கை தந்தார்கள். பைக்கும் இன்னொரு வாகனமும் மோதியவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில், வழிவிட வேண்டிய மற்ற வாகனம் வழிவிடவில்லை. பைக்கைக் காணத் தவறியதே அதற்குத் தலையாய காரணம். பிறகு ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை ஆராய்ந்தபோது, பாதியில் முதன்மைக் காரணம் எதிர் வாகன ஓட்டியின் பிழை என்றும், அந்தப் பிழைகளில் 70 விழுக்காட்டுக்கு மேல் பைக் அங்கே இருப்பதையே உணராதது என்றும் தெரிந்தது. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர்; அவர்களில் 44.5 விழுக்காடு இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு 17,884 உயிர்கள் போயின. இவை எல்லாமே கண்ணில் படாததால் நேர்ந்தவை அல்ல. வேகம், குடி, ஹெல்மெட் இல்லாத தலை, குண்டும் குழியுமான சாலை எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் 'பார்த்தேன், இல்லை' என்கிற வாக்கியத்தால் போன உயிர்களும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன.

கண் திறந்திருக்க, திசையும் சரியாக இருக்க, எப்படிக் காணாமல் போகும்? பைக்கின் முகப்பு ஒடுக்கம். ஒரு காரின் முகப்பில் பாதிகூட இல்லை. நேர் எதிரே வரும் சிறிய உருவம் வெகுநேரம் பெரிதாவதே இல்லை. பெரிதாகத் தொடங்கும்போது பக்கத்தில் வந்துவிட்டிருக்கும். காரின் முன்கண்ணாடியைத் தாங்குகிற தூண், ஒரு பைக்கை ஆளோடு சேர்த்து மறைக்கப் போதுமான அகலம் கொண்டது. கண்ணை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பும்போது அது தாவித் தாவித்தான் நகர்கிறது. தாவுகிற நேரத்தில் நாம் உண்மையில் எதையும் காண்பதில்லை, அந்த இடைவெளியை மனம் தானாக நிரப்பிவிடுகிறது. இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் எதிர்பார்ப்பு. 1999ல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், பந்து கைமாறுவதை எண்ணச் சொல்லி ஒரு படத்தைக் காட்டினார்கள். கொரில்லா வேடமிட்ட ஒருவர் அதன் நடுவே நடந்து போனார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அவரைக் காணவே இல்லை. அவர்களின் கண்ணில் குறையில்லை. லாரியையும் பஸ்ஸையும் எதிர்பார்க்கிற மனம் லாரியையும் பஸ்ஸையும் தேடுகிறது. அவை இல்லையென்றால் சாலையே காலி என்று தீர்ப்பெழுதிவிடுகிறது.

தீர்ப்பு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். 'யாரும் இல்லை' என்பது ஓர் அறிவு. அந்த அறிவு எங்கிருந்து வந்தது? இருப்பதைக் கண் காட்டும். இல்லாததை எது காட்டும்? இந்தியத் தத்துவத்தில் நூற்றாண்டுகளாக விவாதிக்கப்பட்ட சிக்கல் இது. 'தரையில் பானை இல்லை' என்று எப்படி அறிகிறோம் என்பதுதான் தத்துவவாதிகள் எடுத்துக்கொண்ட உதாரணம். குமாரில பட்டரின் மீமாம்சைப் பள்ளியும் பின்வந்த அத்வைதிகளும், காணாமையே தனியான ஓர் அளவை, அதாவது அறிவு பெறும் வழி, என்றார்கள். அதற்கு அனுபலப்தி என்று பெயர். நியாயவாதிகள் தனி அளவை வேண்டாம், காட்சியே இல்லாமையையும் காட்டும் என்றார்கள். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் இதை அபாவம் என்ற பெயரால் மற்ற அளவைகளோடு எண்ணிவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். எது தனி அளவை என்பதில்தான் இத்தனை சண்டையும். ஒரு நிபந்தனையில் மட்டும் பெரிய மறுப்பு இல்லை. காணாமை எப்போது அறிவாகும் என்றால், பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலையில் மட்டும்தான். அதைத்தான் யோக்கியதை, தகுதி என்றார்கள். வெளிச்சமான அறையில் எட்டிப் பார்த்து 'சுவரோரம் பாய் இல்லை' என்று சொன்னால் அது அறிவு. இருட்டறையில் எட்டிப் பார்த்து அதே சொல்லைச் சொன்னால் அது வெறும் ஊகம். 17ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் வாழ்ந்த தர்மராஜ அத்வரீந்திரர் வேதாந்த பரிபாஷையில் இந்த இருட்டு உதாரணத்தையே எடுத்து விளக்குகிறார்.

இந்த நிபந்தனையைப் பத்தமடைச் சாலைக்குக் கொண்டுவந்தால் விஷயம் முழுவதும் வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. டிராக்டர் ஓட்டுகிறவர் 'யாரும் இல்லை' என்று முடிவு செய்தது தவறா சரியா என்பது அவர் எத்தனை முறை தலையைத் திருப்பினார் என்பதைப் பொறுத்தது மட்டுமல்ல. ஒரு வண்டி அங்கே இருந்திருந்தால் அவர் கண்ணில் அது பட்டிருக்குமா என்பதையும் பொறுத்தது. நிழலுக்குள் நிழலாக வருகிற வண்டி அந்தத் தகுதியைப் பெறவில்லை. அதனால் அவருடைய காணாமை, சாட்சியாக நிற்கும் தகுதியை இழந்தது. அது இழந்ததை அவர் அறியவும் இல்லை. விளக்கு செய்வது இதைத்தான்: வண்டியைக் காணத்தக்கதாக்குகிறது. அதோடு நிற்பதில்லை. வண்டி எதுவும் வராத நேரத்தில் அவர் 'சாலை காலி' என்று கொள்கிற முடிவையும் நம்பத்தக்கதாக ஆக்குகிறது. எல்லா வண்டியும் தெரியும் என்றால்தான், தெரியாதபோது இல்லை என்று சொல்ல முடியும். ஆக, பைக்கில் எரியும் விளக்கு ஓட்டுகிறவரின் உயிர்க்காப்பு மட்டுமல்ல. எதிரே இருக்கும் முகம் தெரியாத மனிதருக்குச் சொல்லப்படும் ஓர் உண்மை. நான் வருகிறேன், இந்த வேகத்தில், இந்த இடத்தில். வாய்மை என்பதை நாம் நாக்கோடு நிறுத்திக்கொள்கிறோம். பிறர் எதை நம்பி ஒரு காரியத்தில் இறங்குகிறார்களோ அதில் பொய் கலக்காமல் பார்த்துக்கொள்வதும் வாய்மைதான். அந்த டிராக்டர்க்காரருக்கும் அதில் லாபம் உண்டு. வாழ்நாளெல்லாம் ஒரு சாவைச் சுமந்து திரிகிற பாரத்திலிருந்து அந்தச் சின்ன விளக்கு அவரையும் காக்கிறது.

இதே சாலையின் மேற்குக் கோடியில் இருக்கிற விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர் மாதவச் சிவஞான முனிவர். சிவஞான போதத்துக்கு மாபாடியம் எழுதியவர், 1785ல் மறைந்தார். அவர் விரித்துரைத்த சைவ சித்தாந்தத்தில் அறிவைப் பற்றிய ஒரு நுட்பமான கருத்து உண்டு. கண் தானாகக் காண்பதில்லை. உயிர் அதற்குக் காட்ட வேண்டும், கூடவே நின்று காணவும் வேண்டும். அதுபோல உயிரும் தானாக அறிவதில்லை. இறைவன் அதற்குக் காட்டியும் உடன்நின்று கண்டும் உதவுகிறான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இவற்றுக்குப் பெயர். இறைவனைப் பற்றிய பேச்சைப் போக்குவரத்து விதியாக்கிவிடக் கூடாது. அந்த எச்சரிக்கை எனக்கும் உண்டு. ஆனாலும் அதில் பொதிந்திருக்கும் அறிவுக் கொள்கையைக் கவனிக்க வேண்டும். காண்பது தனியொருவரின் சாமர்த்தியம் இல்லை. காட்டப்படாமல் காட்சி இல்லை. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இன்னும் ஒரு படி ஆழமாகப் போகிறார். புற இருள் பொருள்களை மறைத்தாலும், தான் இருள் என்பதை மறைப்பதில்லை. இருட்டாக இருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஆணவம் என்கிற அக இருளோ பொருளையும் மறைத்து, தான் மறைப்பதையும் மறைத்துவிடும். 'பார்த்தேன், யாருமே இல்லை' என்றவரின் நிலை இதுதான். இருட்டில் ஓட்டியிருந்தால் நிதானித்திருப்பார். வெயிலில், எல்லாம் தெரிகிறது என்ற நம்பிக்கையில் ஓட்டுகிறார். தெரியாமல் போனது தெரியவே தெரியாது. தனக்குத் தெரியாத குறையை ஒருவர் தானே எப்படித் திருத்திக்கொள்வார்? 'நன்றாகப் பார்த்து ஓட்டு' என்ற அறிவுரை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. காட்டுதல் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

விளக்கு உண்மையில் காட்டுகிறதா? இதற்கு நல்ல சாட்சி மலேசியாவிலிருந்து வருகிறது. அந்த நாட்டுப் பெயர் பத்தமடைக்கு அந்நியமானதும் அல்ல. 1887ல் பத்தமடையில் குப்புசாமியாகப் பிறந்து, பின்னாளில் சுவாமி சிவானந்தராகி 1936ல் ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவியவர், துறவுக்கு முன் மலாயாவில் மருத்துவராக இருந்தார். சிரம்பான் பக்கத்துத் தோட்ட மருத்துவமனையில்தான் அந்தப் பணி தொடங்கியது. அதே சிரம்பானிலும் ஷா ஆலமிலும்தான், 1992ல் பைக்குகள் பகலிலும் விளக்கெரிய வேண்டும் என்று மலேசியா சட்டம் போட்ட பிறகு, ஆய்வாளர்கள் விபத்துகளைக் கணக்கெடுத்தார்கள். கண்ணில் படாததால் நேரும் வகை விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்திருந்தன. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் செய்து 2004ல் வெளியிட்ட ஆய்வில், பகலில் முன்விளக்குப் போட்டவர்களுக்குக் காயம்படும் அபாயம் 27 விழுக்காடும், ஒளிரும் உடை அணிந்தவர்களுக்கு 37 விழுக்காடும், கருப்புக்குப் பதில் வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு 24 விழுக்காடும் குறைவாக இருந்தது. விளக்குப் போடுகிறவரும் ஒளிரும் உடை அணிகிறவரும் இயல்பிலேயே நிதானமானவர்கள், அதனால்தான் அவர்களுக்கு அடிபடுவதில்லை என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மலேசியாவில் நிதானக்காரர், அவசரக்காரர் எல்லோரும் சட்டத்தால் விளக்கை எரியவிட்டே போனார்கள். அங்கும் விபத்து குறைந்தது. விளக்கின் எண்ணிக்கைக்கும் இடத்துக்கும்கூட வேலை இருக்கிறது. இரவில் ஒற்றை விளக்கு எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்று கணிப்பது கடினம். மூன்று விளக்கை முக்கோணமாக வைத்தால் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதைக் கொண்டு கண் வேகத்தை மேலாகக் கணிக்கிறது என்று 2012ல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. கூடுதல் விளக்கு என்பதன் உண்மையான பொருள் அதுதான்: அதிக வெளிச்சம் என்பதைவிட அதிகச் செய்தி.

இனி மறுப்புகள். முதலாவது கோபத்திலிருந்து வருவது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டு டன் இரும்பை ஓட்டுகிறவர் பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு அடிபடுகிறவனைப் பார்த்து 'நீ ஏன் மினுங்கவில்லை' என்று கேட்பது எந்த ஊர் அறம்? பெண்ணிடம் உடையைப் பற்றிக் கேட்பவர்களின் குரல் இதில் ஒலிக்கவில்லையா? ஒலிக்கும், அது தண்டனையின் மொழியாகிவிட்டால். விளக்கில்லாமல் போனவன் சாகத் தக்கவன் என்றோ, இடித்தவரின் குற்றம் அதனால் குறையும் என்றோ ஒருவர் வாதிட்டால் அதை நான் ஏற்கமாட்டேன். சித்தாந்தம் காட்டுவதை உபகாரம் என்று சொன்னது இங்கே உதவுகிறது. உபகாரம் என்பது கடனைக் கழிப்பதல்ல; செய்யாதவனைக் கட்டிவைத்து வசூலிப்பதும் அல்ல. ஒருவர் காட்டியதால் மற்றவர் காணும் கடமை ஒரு குன்றிமணியளவும் குறைவதில்லை. மாறாக, காட்டிய பிறகும் காணாதவருக்குச் சாக்குச் சொல்ல இடமில்லாமல் போகிறது. கார் ஓட்டுகிறவர் தலையை முன்னும் பின்னும் அசைத்துத் தூணுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். ஏறுமுன் இரண்டாம் முறை பார்க்க வேண்டும். பைக் வரும் என்று எதிர்பார்த்துப் பார்க்க வேண்டும். அவற்றுக்கு விளக்கு மாற்று அல்ல.

இரண்டாவது மறுப்பு பக்தியிலிருந்து வருவது. ஆயுள் முடிந்தால் விளக்கு காக்குமா? முடியாவிட்டால் இருட்டு கொல்லுமா? புது வண்டி எடுத்ததும் கோயில் வாசலில் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டுப் போகிறவர் மனதில் இந்தக் கேள்வி இல்லாமல் இல்லை. அந்தப் பூஜையை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. மனிதன் தன் கையில் எல்லாம் இல்லை என்று ஒப்புக்கொள்கிற நேரம் அது. ஆனால் நம்பிக்கை ஏற்பாட்டை விலக்கியதாக எந்த மரபிலும் நான் அறியேன். பத்தமடையில் பாய் நெய்கிற குடும்பங்களில் பெரும்பாலானவை முஸ்லிம் குடும்பங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, கட்டாமலே நம்புவதா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டு நம்பு என்று நபிகள் சொன்னதை அங்கே சிறு பிள்ளைகளும் அறிவார்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்ற நபிமொழியும் அப்படித்தான். முள்ளும் கல்லும் மட்டுமா இடையூறு? கண்ணுக்குத் தெரியாமல் விரைந்து வரும் வண்டியும் பிறருக்கு இடையூறுதான். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிற முருக பக்தர்களின் முதுகிலும் பையிலும் போலீசார் ஒளிரும் பட்டை ஒட்டிவிடுகிறார்கள். வாங்கிக்கொள்கிற பக்தர் வேலவன் காப்பான் என்ற நம்பிக்கையை அதற்காகக் கைவிடுவதில்லை. பகலில் விளக்கு எரிவதும் நமக்குப் புதிதில்லை. இரவும் பகலும் அணையாமல் எரியும் நந்தாவிளக்குக்கு நெய் தர, சாவா மூவாப் பேராடு என்று ஆடுகளை ஒப்படைத்துக் கல்லில் வெட்டிவைத்த நாடு இது. அந்த விளக்கு வெயிலோடு போட்டி போட எரியவில்லை. கருவறை முன் வருகிறவர் எந்த நேரம் வந்தாலும் காண வேண்டும் என்பதற்காக எரிகிறது.

மூன்றாவது மறுப்பு, என் பார்வையில், மற்றவற்றைவிடக் கனமானது. விளக்கைப் புகழ்ந்தால் என்ன நடக்கும் என்று நம் சாலைகளில் இரவு ஏழு மணிக்குப் பார்த்தாலே தெரியும். வெள்ளை வெளேரென்ற எல்.இ.டி. பட்டைகளைக் கிராஷ் கார்டில் கட்டி, டிம் அடிக்காமல், எதிரே வருகிறவர் கண்ணில் நேராகப் பாய்ச்சிக்கொண்டு வருகிறார்கள். சிவப்பும் நீலமுமாகச் சிமிட்டுகிறவர்களும் உண்டு. எதிரே வருகிறவர் சில நொடிகள் குருடாகிறார். அந்த நொடிகளில் ஓரத்தில் நடந்து போகும் ஒருவர் அவருடைய உலகத்திலிருந்தே மறைந்துபோகிறார். தன்னைக் காட்டுவதற்காக இன்னொருவரை மறைப்பது வாய்மை ஆகாது; அது இம்சை. வண்டியின் விளக்கமைப்பை அவரவர் விருப்பத்துக்கு மாற்றச் சட்டம் இடம் தராததற்குக் காரணமும் இதுவே. வெளிச்சம் கூடக் கூடத் தெரிவது கூடும் என்ற எண்ணமும் தவறு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் அவெஞ்சர் விமானத்தின் முன்பக்கம் விளக்குகளைப் பொருத்தி, வானத்தின் வெளிச்சத்தோடு அளவு பொருந்த எரியவிட்டார்கள். 12 மைல் தொலைவில் தெரிய வேண்டிய விமானம் 2 மைல் நெருங்கும் வரை தெரியவில்லை. ஒளியே திரையானது. ஆகவே காட்டும் விளக்குக்கு அளவுகோல் அதன் பிரகாசம் அல்ல, பிறர் பார்வைக்கு அது என்ன செய்கிறது என்பதே. கீழே சாய்த்து, தணிந்த வெளிச்சத்தில், முன்விளக்கிலிருந்து விலகி இரு பக்கமும் வைத்த சிறிய மஞ்சள் விளக்குகள் அந்த அளவுகோலில் தேறும். ஹெல்மெட்டின் பின்னால் ஒட்டிய ஒளிரும் பட்டை தேறும். தூசி துடைத்த ரிஃப்ளெக்டர் தேறும்; நம் கிராமச் சாலைகளில் பலருடைய ரிஃப்ளெக்டர் சேற்றுக்கு அடியில்தான் இருக்கிறது. தன்னை முன்னிறுத்துவது அகந்தை என்கிற ஆன்மிகக் கூச்சத்துக்கும் பதில் இதற்குள் இருக்கிறது. என்னைப் பார் என்று அதட்டும் விளக்கு ஒன்று. நான் இங்கே இருக்கிறேன், உன் முடிவை எடுத்துக்கொள் என்று தெரிவிக்கும் விளக்கு வேறொன்று. இரண்டுக்கும் பேட்டரி ஒன்றேதான் என்றாலும் அறத்தில் அவை வேறு வேறு.

நான்காவது மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எல்லா வண்டியிலும் விளக்கெரிந்தால், விளக்கில்லாதவர் முன்னைவிட ஆழமாக மறைந்துபோவார். அறுப்பு முடிந்து சாலையோரம் நடந்து வரும் பெண்கள், டைனமோ இல்லாத பழைய சைக்கிள், வாய்க்காலிலிருந்து ஏறி வரும் மாடு, மாட்டை ஓட்டி வரும் சிறுவன். ஓட்டுகிறவரின் மனம் விளக்கைத் தேடப் பழகிவிட்டால், கொரில்லாவைக் காணாத மனம்போல, விளக்கில்லாத உயிரைக் காணாமல் போகும். தகுதி என்ற பழைய நிபந்தனை இங்கே கூர்மையாகத் திரும்பி நம்மையே குத்துகிறது: பைக்கைப் பொறுத்தவரை அவருடைய காணாமை இப்போது அறிவாகிவிட்டது; நடந்து போகிறவரைப் பொறுத்தவரை அது இன்னும் ஊகம்தான், ஆனால் அறிவின் துணிச்சலோடு செய்யப்படும் ஊகம். இதனால் விளக்கை அணைக்கச் சொல்ல முடியாது. ஒருவரைக் காட்டுவது இன்னொருவரை மறைக்கும் என்பதற்காக எல்லோரும் மறைந்திருப்பதில் நியாயமில்லை. ஆனால் விளக்கேற்றியவர்களுக்கு வேறொரு கடன் ஏற்பட்டுவிடுகிறது. ஊர் எல்லைக்குள் வேகத்தைக் குறைப்பது அதில் ஒன்று, ஏனென்றால் தாமதமாகக் கண்டாலும் நிறுத்த முடிகிற வேகமே காணாமைக்குக் கடைசி மருந்து. எதுவும் இல்லாதவர்கள் கைக்கு ஒளிரும் பட்டையைக் கொண்டுசேர்ப்பது இன்னொன்று. பாதயாத்திரைக்காரருக்குக் கிடைப்பது கரும்புக்கட்டு சுமக்கிறவருக்கும் கிடைக்க வேண்டாமா? தெருவிளக்கு எரிகிறதா என்று பஞ்சாயத்தில் கேட்பதும் இந்தக் கடனில் சேரும். சிவானந்தர் வேதாந்தி, எல்லாம் ஒன்று என்று போதித்தவர். ஆனால் சாதகனுக்கு அவர் முதலில் வைத்தது சேவையை. அத்வைதம் ஆன்மாவைத் தானே ஒளிர்வது என்கிறது. அதற்கு வேறு விளக்கு வேண்டாம். உடம்புக்கு வேண்டும். அந்த உடம்புக்குச் செய்வதைத்தான் அவர் சேவை என்றார்.

பத்தமடையைச் சுற்றி இன்றும் ஒரு காட்சி உண்டு. ஆற்றங்கரையில் அறுத்த கோரையைக் கட்டாகக் கட்டி மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார்கள். நெய்து முடித்த பாய்ச்சுருளையும் அப்படித்தான். கட்டு நீளமாகத் தொங்கும்போது டெயில் லைட், இண்டிகேட்டர், ரிஃப்ளெக்டர் மூன்றும் அதன் அடியில் போய்விடும். முன்னால் விதிப்படி விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பின்னால் வருகிறவருக்கு அந்தி வெளிச்சத்தில் தெரிவது புல்லின் நிறத்தில் ஒரு கும்மல் மட்டும். விளக்கு இருந்தும் காட்டவில்லை. இதற்கு எல்.இ.டி.யும் ஒயரும் தேவையில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு தகரமோ அட்டையோ, அதில் ஒட்டிய சிவப்பு ஒளிர்பட்டை, கட்டின் கடைசியில் தொங்கவிட ஒரு சணல் கயிறு. பகலில் அது வெறும் அட்டைதான். அந்தி கருத்த பிறகு பின்னால் வரும் லாரியின் வெளிச்சம் அதில் பட்டதும் சிவப்பாகக் கண் விழிக்கும்; நூறடிக்கு முன்பே டிரைவரின் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுபடும்.